பூட்டுக்கும் கமிட்டுக்கும் நடுவே: வலைச் செயலியில் ஸ்டோர்டு புரொசீஜர் எப்போது வேண்டும்?

வலைச் செயலி எழுதும் குழுக்களில் தீர்ப்பு வந்த பிறகும் திரும்பத் திரும்ப மேல்முறையீட்டுக்கு வரும் வழக்கு ஒன்று உண்டு. சரிபார்ப்பது, கணக்கிடுவது, முடிவெடுப்பது ஆகிய வேலைகளைத் தரவுத்தளத்துக்குள்ளேயே ஸ்டோர்டு புரொசீஜராக (அங்கேயே சேமித்து வைத்து, பெயர் சொல்லி அழைத்து ஓட்டும் நிரலாக) எழுதி வைப்பதா, அல்லது பிஎச்பி, ஜாவா, பைத்தான் போன்ற மொழியில் செயலியின் பக்கமே வைத்துக்கொண்டு தரவுத்தளத்தை வெறும் களஞ்சியமாகக் கொள்வதா என்பதே அந்த வழக்கு. இரு தரப்பினரும் பெரும்பாலும் தாங்கள் முதலில் பழகிய கருவியின் சார்பாகத்தான் வாதாடுகிறார்கள். விதிகளை எங்கே வைப்பது என்று பொதுவாகக் கேட்டால் இதற்கு விடை கிடைக்காது என்பது என் எண்ணம். ஒரு குறிப்பிட்ட வேலையை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பதிவின் மீது பூட்டு (வேறு எவரும் அதை மாற்றாதபடி நிறுத்திவைக்கும் தடை) விழுவதற்கும் கமிட் ஆவதற்கும் (மாற்றங்கள் நிலையாகப் பதிவாவதற்கும்) இடையே என்னென்ன நடக்கின்றன, அந்தப் பதிவில் வேறு எந்தெந்த நிரல்கள் எழுதுகின்றன என்ற இரண்டையும் பார்த்தால், விடை பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

வழக்கின் பூர்வீகம்

1984-இல் தொடங்கப்பட்ட சைபேஸ் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட எஸ்கியூஎல் சர்வரில் ஸ்டோர்டு புரொசீஜரும் டிரிகரும் (பதிவு மாறும்போது தானாக ஓடும் நிரல்) முக்கியமான விற்பனைச் சரக்காக இருந்தன. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் அந்த வழியில் வந்ததுதான். ஆரக்கிள் 1992-இல் வந்த தன் ஏழாம் பதிப்பில் இந்த வசதியைச் சேர்த்தது. அந்தக் காலத்து நிறுவனங்களில் ஒவ்வொரு ஊழியரின் மேசைக் கணினியிலும் இருந்த நிரல், நடுவில் வேறெதுவும் இல்லாமல், நேராகத் தரவுத்தளத்தோடு பேசியது. ஒரு விதியை மாற்ற வேண்டுமானால் முந்நூறு கணினிகளிலும் நிரலை மறுபடி நிறுவியாக வேண்டும் என்ற நிலையில், எல்லோருக்கும் பொதுவான ஒரே இடம் தரவுத்தள சர்வர்தான். ஆகவே விதிகள் அங்கே போய்ச் சேர்ந்தன. வலை வந்ததும் அந்தப் பொது இடம் செயலி சர்வருக்கு நகர்ந்துவிட்டது. விதியை மாற்றுவதற்கு அங்கே ஒரு கோப்பை மாற்றினால் போதும் என்றானதும், புரொசீஜருக்கு இருந்த முதற்காரணம் சத்தமில்லாமல் மறைந்துபோயிற்று.

இன்னொரு காரணம் தற்செயலானது. வலைத்தளங்களின் முதல் தலைமுறை பெரும்பாலும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் மீது எழும்பியது. 2005 அக்டோபரில் 5.0 பதிப்பு வரும்வரை அதில் ஸ்டோர்டு புரொசீஜரே கிடையாது. இல்லாத ஒன்றை யாரும் கற்றுக்கொள்ளவில்லை. 2004-இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸும் அதன் வழியில் வந்த கட்டமைப்புகளும் அந்தப் பழக்கத்தையே ஒரு கொள்கையாக்கின. வங்கி, காப்பீடு, தொலைபேசித் துறைகளில் ஆரக்கிளோடு வளர்ந்தவர்களின் பழக்கம் இதற்கு நேர்மாறானது. ஆக, இன்று கேட்கும் வாதங்கள் பலவும் இரண்டு வரலாறுகளின் எதிரொலிகள்.

அப்படி நீடிக்கும் எதிரொலிகளில் ஒன்றை முதலிலேயே அப்புறப்படுத்திவிடலாம். புரொசீஜர் முன்கூட்டியே தொகுக்கப்பட்டிருப்பதால் வேகமாக ஓடும் என்று இன்றும் நேர்முகத் தேர்வுகளில் சொல்லப்படுகிறது. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. ஆனால் 1998-இல் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் 7.0 வந்தபோதே, செயலியிலிருந்து வரும் சாதாரண வினவல்களின் செயல்திட்டமும் நினைவகத்தில் சேமிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்படத் தொடங்கிவிட்டது. மைஎஸ்கியூஎல்லோ புரொசீஜரை ஒவ்வொரு இணைப்பிலும் தனித்தனியாக அலசி, அந்த இணைப்பு இருக்கும்வரை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது; ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பைத் திறந்து மூடும் பிஎச்பி செயலியில் அந்த அலசல் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து நடக்கும். வேகம் கிடைப்பது உண்மைதான். அது வேறு இடத்திலிருந்து கிடைக்கிறது.

ஒரு சீட்டு, ஆறு நடை

இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு இணையத்தில் நுழைவுச்சீட்டு விற்கும் செயலியை எடுத்துக்கொள்வோம். நிகழ்ச்சி அட்டவணையில் ஒரு பதிவும், அதில் மீதமுள்ள சீட்டுகளின் எண்ணிக்கையும் இருக்கின்றன. காலை பத்து மணிக்கு விற்பனை திறந்ததும் எல்லோரும் அந்த ஒரே பதிவின் மீதுதான் வந்து விழுவார்கள். ஒருவர் வாங்கும்போது செயலி ஆறு நடை தரவுத்தளத்துக்குப் போய்வருகிறது: பரிவர்த்தனையை, அதாவது முழுதாக நடக்கவோ முழுதாக ரத்தாகவோ வேண்டிய கட்டளைத் தொகுப்பைத் தொடங்க ஒரு நடை, நிகழ்ச்சிப் பதிவைப் பூட்டிப் படிக்க ஒரு நடை, இவர் ஏற்கெனவே நான்கு சீட்டு வாங்கிவிட்டாரா என்று பார்க்க ஒரு நடை, சீட்டுப் பதிவை எழுத ஒரு நடை, மீதியைக் குறைக்க ஒரு நடை, கமிட் செய்ய ஒரு நடை.

கணக்குப் போட வசதியாக, ஒரு நடைக்கு 1 மில்லிசெகண்ட், தரவுத்தளத்தில் ஒரு கட்டளை ஓட 0.2 மில்லிசெகண்ட், கமிட்டை வட்டில் எழுத 1 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். பூட்டு விழுவது இரண்டாம் நடையில். அவிழ்வது ஆறாம் நடையில். இடையே நான்கு முழு நடைகள் கழிகின்றன. எனவே அந்தப் பதிவு பூட்டியிருக்கும் நேரம் 4 மில்லிசெகண்ட் பயணமும், மூன்று கட்டளைகளுக்கு 0.6-உம், கமிட்டுக்கு 1-உம் சேர்ந்து 5.6 மில்லிசெகண்ட் ஆகிறது. ஒருவர் பூட்டை விட்ட பிறகுதான் அடுத்தவர் எடுக்க முடியும் என்பதால், நொடிக்கு ஏறத்தாழ 178 சீட்டுக்கு மேல் விற்க இயலாது. செயலி சர்வர்களை இரண்டிலிருந்து இருபதாக ஆக்கினாலும் இந்த எண் நகராது, வரிசைதான் நீளும். பூட்டியிருக்கும் நேரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு எவரும் எந்த வேலையும் செய்யாமல் கம்பியில் கழிவதை இங்கே கவனிக்க வேண்டும்.

இதே ஆறு படிகளையும் ஒரு புரொசீஜருக்குள் வைத்து ஒரே அழைப்பில் முடித்தால், பயணம் நான்கும் பூட்டுக்கு வெளியே போய்விடுகின்றன. பூட்டு 1.6 மில்லிசெகண்ட் மட்டுமே நீடிக்கும். நொடிக்கு 625 சீட்டு விற்கலாம். செயலி சர்வர் சென்னையிலும் தரவுத்தளம் மும்பையிலும் இருந்தால் வித்தியாசம் இன்னும் கொடுமையானது. இரு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஆகவே ஒரு நடைக்கு 10 மில்லிசெகண்டுக்குக் குறைய வழியே இல்லை. நான்கு நடைக்கு நாற்பது மில்லிசெகண்ட் என்றால் நொடிக்கு 24 சீட்டு. பயனருக்கு அருகில் செயலியை ஓட்டி, தரவுத்தளத்தைத் தொலைவில் வைக்கும் புதிய பாணிக் கட்டமைப்புகளில் புரொசீஜருக்கு மறுபடி மவுசு கூடியிருப்பதற்கு இதுவே காரணம்.

இத்தோடு நிறுத்தினால் புரொசீஜர் தரப்பு வென்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதே ஆறு நடைகளின் வரிசையை மட்டும் மாற்றிப் பார்ப்போம். வாங்கியவரின் கணக்கை முதலில் சரிபார்க்கலாம்; சீட்டுப் பதிவை அடுத்து எழுதலாம்; மீதியைக் குறைக்கும் கட்டளையைக் கடைசியில் வைத்து, 'மீதி பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்று குறை' என்று நிபந்தனையோடு எழுதலாம். எத்தனை பதிவுகள் மாறின என்ற விடையில் பூஜ்யம் வந்தால் சீட்டு தீர்ந்துவிட்டது என்று பொருள். எழுதியதையெல்லாம் ரோல்பேக் செய்துவிடலாம், அதாவது ரத்து செய்து பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். இப்போது பூட்டு விழுவது கமிட்டுக்கு முந்தைய நடையில். அது நீடிப்பது ஒரு நடைப் பயணமும் கமிட்டும் சேர்ந்த 2 மில்லிசெகண்ட். நொடிக்கு 500 சீட்டு. 178-லிருந்து 500-க்குப் போக ஒரு வரி புரொசீஜரும் தேவைப்படவில்லை. 500-லிருந்து 625-க்குப் போக வேண்டிய நெருக்கடி உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலான செயலிகளுக்கு அந்த நெருக்கடி கிடையாது.

வரிசை மாற்றுவதிலும் இரண்டு கண்ணிவெடிகள் உண்டு. ஒரே பயனர் இரண்டு உலாவித் தத்தல்களில் ஒரே சமயம் வாங்கினால், பூட்டுக்கு வெளியே நடக்கும் சரிபார்ப்பு இரண்டுக்கும் அனுமதி கொடுத்துவிடும். அதைத் தடுக்க அந்தப் பயனரின் பதிவையாவது பூட்ட வேண்டும். அதில் மோதுபவர் அவர் ஒருவரே என்பதால் வரிசை நீளாது. மற்றொன்று மைஎஸ்கியூஎல்லுக்கு உரியது. சீட்டு அட்டவணையிலிருந்து நிகழ்ச்சி அட்டவணைக்கு அயல்விசை (அங்கே உள்ள பதிவைச் சுட்டும் கட்டுப்பாடு) இருந்தால், சீட்டுப் பதிவை எழுதும்போதே மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பொறியான இன்னோடிபி, சுட்டப்படும் தாய்ப் பதிவின் மீது பலர் ஒரே சமயம் வைத்திருக்கக்கூடிய பகிர்வுப் பூட்டு ஒன்றைப் போடுகிறது. இருவர் அப்படிப் பகிர்வுப் பூட்டை வைத்துக்கொண்டு, இருவருமே மீதியைக் குறைக்க முழுப் பூட்டைக் கேட்டால், ஒருவருக்கொருவர் காத்து நின்று டெட்லாக்கில் முடியும். மீதியைத் தனி அட்டவணையில் வைத்தால் இந்தச் சிக்கல் வராது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் 2013-இல் வந்த 9.3 பதிப்பு முதல் இந்த இரு பூட்டுகளும் மோதுவதில்லை.

புரொசீஜருக்கு மாறியும் பலன் கிடைக்காமல் போவது இன்னும் பரவலான தவறு. பைத்தான் மொழியின் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவில் ஒவ்வொரு கோரிக்கையையும் தானாகவே ஒரு பரிவர்த்தனைக்குள் சுற்றிவைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. ஜாவாவின் ஸ்பிரிங்கில் ஒரு குறிப்புச் சொல்லால் அதையே செய்யலாம். அப்படிச் சுற்றப்பட்ட இடத்திலிருந்து புரொசீஜரை அழைத்தால், புரொசீஜர் முடிந்தாலும் பூட்டு அவிழாது. செயலி திரும்பி வந்து கமிட் சொல்லும்வரை காத்திருக்கும். நம் கணக்கில் 1.6 என்பது குறைந்தபட்சம் 2.6 ஆகி, நொடிக்கு 384 என்று இறங்கிவிடும். அழைப்புக்கும் கமிட்டுக்கும் நடுவே யாராவது மின்னஞ்சல் அனுப்பும் வரி ஒன்றைச் சேர்த்திருந்தால் கணக்கே வேண்டாம். புரொசீஜர் எழுதியும் வேகம் கூடவில்லை என்று குறைபடும் குழுக்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த அமைப்பைத்தான்.

இந்தச் சிந்தனையை எல்லை வரை கொண்டுபோனவர்களும் உண்டு. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் முதலானோரின் எச்-ஸ்டோர் ஆய்விலிருந்து பிறந்த வோல்ட்டிபி என்ற தரவுத்தளம், ஒரு புரொசீஜர் அழைப்பையே ஒரு பரிவர்த்தனையாக வைத்து, ஒவ்வொரு தரவுப் பகுதியிலும் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டியது. நடுவில் வெளியே காத்திருப்பது என்ற பேச்சே இல்லாததால் பூட்டும் தேவைப்படவில்லை. நினைவகத்திலேயே தரவை வைக்கும் ரெடிஸின் 2012-இல் வந்த 2.6 பதிப்பில் சேர்க்கப்பட்ட, லுவா மொழியில் நிரல் எழுதி உள்ளேயே ஓட்டும் வசதியிலும் இதே எண்ணம்தான்.

யார் யார் எழுதுகிறார்கள்?

வேகத்தை விட்டுவிட்டு இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரு அட்டவணையில் எழுதுவது ஒரே ஒரு வலைச் செயலிதான் என்றால், விதிகளை அந்தச் செயலியிலேயே வைப்பது எளிது. பிழைதிருத்தி, சோதனை, பதிப்புக் கட்டுப்பாடு எல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் செயலி வயதாக வயதாக எழுதுபவர்கள் பெருகுகிறார்கள். கைபேசிச் செயலிக்கென்று தனிச் சேவை வரும். பல பதிவுகளை மொத்தமாகக் கையாள இரவில் ஓடும் தொகுதி வேலை வரும். கிளைகளிலிருந்து எக்செல் கோப்பை ஏற்றும் நிரல் வரும். கூட்டாளி நிறுவனம் ஒன்றின் மென்பொருள் வரும். இவை நான்கும் நான்கு மொழிகளில் இருக்கக்கூடும். நான்கிலும் ஒரே விதியை ஒரே மாதிரி எழுதிவைத்து, மாறும்போதெல்லாம் நான்கிலும் மாற்றுவது என்பது நடவாத காரியம்.

இங்கேயும் முதலில் கைவைக்க வேண்டியது புரொசீஜரில் அல்ல. மீதி பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது, ஒரு இருக்கைக்கு ஒரு சீட்டுதான், இல்லாத வாடிக்கையாளருக்குப் பதிவு கூடாது போன்றவற்றை அட்டவணையின் கட்டுப்பாடுகளாகவே எழுதிவிடலாம். எந்த வழியாக எழுதினாலும் அவற்றை ஏமாற்ற முடியாது. 'இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர்' என்ற பழைய தலைவலிக்கு போஸ்ட்கிரெஸ் 2016-இல் வந்த 9.5 முதல் ஒரே கட்டளையில் வழி தருகிறது. ஒரே எஸ்கியூஎல் கட்டளையில் முடியும் வேலைக்குப் புரொசீஜர் எழுதுவது, பக்கத்துத் தெருவுக்குப் போக வண்டி அமர்த்துவது போன்றது.

கட்டுப்பாடாக எழுத முடியாத விதிகள் மிஞ்சும். கணக்குப் பேரேடு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஒரு பண மாற்றத்துக்கு இரண்டோ அதற்கு மேற்பட்டோ பதிவுகள் எழுதப்படும். அவற்றின் பற்றும் வரவும் சமமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பதிவைப் பார்த்து இதைச் சரிபார்க்க முடியாது. இத்தகைய இடத்தில் பேரேட்டு அட்டவணையில் எழுதும் உரிமையை எல்லாப் பயனர்களிடமிருந்தும் பறித்துவிட்டு, பண மாற்றத்தைச் செய்யும் ஒரு புரொசீஜரை ஓட்டும் உரிமையை மட்டும் கொடுப்பது நல்ல ஏற்பாடு. செயலி சர்வரை யாராவது ஊடுருவினாலும், புரொசீஜர் அனுமதிக்கும் வேலைகளைத்தான் அவரால் செய்ய முடியும். பேரேட்டைக் கத்தரிக்க முடியாது.

இந்த ஏற்பாட்டில் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோர் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். புதிதாக எழுதப்படும் எந்த ஃபங்ஷனையும் (புரொசீஜரைப் போலவே தரவுத்தளத்துக்குள் ஓடும் நிரல்) ஓட்டும் உரிமை அங்கே இயல்பாகவே எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது. ஃபங்ஷனை எழுதியவுடனே அந்த உரிமையை நீக்கியாக வேண்டும். உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் ஃபங்ஷன் என்றால், பெயர்களைத் தேடும் ஸ்கீமாக்களின் (அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் பெயர்வெளிகளின்) பாதையையும் அதற்குள்ளேயே கட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழைப்பவர் தன் பாதையில் அதே பெயரில் ஒரு போலி அட்டவணையை வைத்து அந்த அதிகாரத்தைத் தன் வசமாக்கலாம். புரொசீஜர் என்றாலே, உள்ளீட்டுக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் வராது என்ற நம்பிக்கையும் இதே ரகம். உள்ளே வந்த மதிப்பைச் சரத்தோடு ஒட்டி வினவலைத் தயாரித்து ஓட்டும் புரொசீஜரில், ஓட்டை இடம் மாறியிருக்கிறதே தவிர அடைபடவில்லை. மதிப்புகளைத் தனியே கட்டி அனுப்பும் செயலி அதைவிடப் பாதுகாப்பானது.

உலாவியே ஏறத்தாழ நேராகத் தரவுத்தளத்தோடு பேசும் கட்டமைப்புகளுக்கு ஒரு தனிச் சொல். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நேராக வலைச் சேவையாக்கும் போஸ்ட்கிரெஸ்ட் (PostgREST) போன்ற கருவிகளில் ஒரு எச்டிடிபி கோரிக்கை ஒரு பரிவர்த்தனை. இரண்டு அட்டவணைகளில் ஒன்றாக எழுத வேண்டுமானால் இரு கோரிக்கைகளை ஒரே பரிவர்த்தனையில் சேர்க்க வழியில்லை. அங்கே ஃபங்ஷன் எழுதுவதுதான் இயல்பான வழி. இதே பாணியில் அமைந்த சூப்பாபேஸ் சேவையைப் பயன்படுத்தும் பலர் இந்தக் காரணத்தால்தான் இந்தப் பக்கம் முதன்முதலாக வந்து சேர்கிறார்கள். ஆரக்கிளின் செயலி உருவாக்கும் கருவியான ஏபெக்ஸோ முழு வலைச் செயலியையும் தரவுத்தளத்துக்குள்ளேயே ஓட்டுகிறது. புரொசீஜரை வெறுப்பவர்கள் அதையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு பேர் கொண்ட உள் அலுவலகக் குழுவுக்கு அது மிக ஒழுங்காக வேலை செய்கிறது.

இரவில் ஓடும் தொகுதி வேலைகளுக்குப் புரொசீஜர் பொருந்தும் என்பது பொதுவான கருத்து. பத்து லட்சம் பதிவுகளைச் செயலிக்கு இழுத்து, கணக்கிட்டு, திருப்பி அனுப்புவதைவிட அவை இருக்கும் இடத்திலேயே முடிப்பது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் புரொசீஜருக்குள் கர்சர் (பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் சுட்டி) வைத்து ஒவ்வொரு பதிவாக நடப்பவர், பயணச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு மற்ற எல்லாச் செலவையும் அப்படியே வைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் ஒரே கட்டளையில் மொத்தமாக மாற்றினால் பல மடங்கு விரைவாக முடியும். ஒவ்வொரு பதிவுக்கும் பிழைபிடிக்கும் பகுதி ஒன்றை வைத்தால் இன்னும் மோசம். போஸ்ட்கிரெஸில் அத்தகைய ஒவ்வொரு பகுதியும் ஒரு துணைப் பரிவர்த்தனை, அதாவது பரிவர்த்தனைக்குள் தனியாக ரத்து செய்யக்கூடிய ஒரு பகுதி. ஓர் இணைப்புக்கு 64 துணைப் பரிவர்த்தனைகள் வரைதான் விரைவு நினைவில் நிற்கும். அதைத் தாண்டினால் மற்ற இணைப்புகளும் சேர்ந்து தவிக்கத் தொடங்கும். 2021-இல் கிட்லேப் நிறுவனம் தன் செயலியிலிருந்து துணைப் பரிவர்த்தனைகளையே களைந்த கதையை விரிவாக எழுதி வெளியிட்டது. அங்கே அவை செயலியின் பக்கமிருந்து வந்தவை. ஆனால் இயங்கும் பொறி ஒன்றுதான்.

நீண்ட வேலையை இடையிடையே கமிட் செய்ய வேண்டுமானால், 2018-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 11 முதல் உண்மையான புரொசீஜர்களில் அது முடியும். அதற்கு முன்பிருந்த ஃபங்ஷன்களில் முடியாது. அப்போதும், வெளியே ஏற்கெனவே ஒரு பரிவர்த்தனை திறந்திருந்தால் உள்ளே கமிட் செய்ய விடாமல் பிழை வரும். மேலே சொன்ன ஜாங்கோ, ஸ்பிரிங் சுற்றல் இங்கேயும் காலை வாரும்.

எது உள்ளே போகக்கூடாது என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பணம் செலுத்தும் சேவையை அழைப்பது, மின்னஞ்சல் அனுப்புவது, பக்கத்தை அலங்கரிப்பது, வாரத்துக்கு வாரம் விற்பனைப் பிரிவு மாற்றும் தள்ளுபடி விதிகள் ஆகியவை செயலியின் வேலை. செலவும் ஒரு காரணம். செயலி சர்வர்களை நினைத்தபோது பெருக்கலாம். பதிவுகளை எழுத இடம்தரும் முதன்மைத் தரவுத்தள சர்வர் வழக்கமாக ஒன்றுதான். ஆரக்கிளுக்கும் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வருக்கும் உரிமக் கட்டணம் சர்வரின் செயலியில் (பிராசஸரில்) உள்ள கோர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், சரத்தை வெட்டி ஒட்டும் வேலையை அங்கே செய்வது ஊரிலேயே விலை கூடிய இடத்தில் விறகு அடுக்குவதற்குச் சமம்.

வெளியீட்டு நாளில்

மேலே சொன்ன எல்லாவற்றையும் எடைபோட்டுப் புரொசீஜர்தான் என்று முடிவெடுத்த குழுக்களும் சில மாதங்களில் பின்வாங்குவதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் வேகமோ பாதுகாப்போ அல்ல, வெளியீடு. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் நள்ளிரவுச் சிக்கல் ஒன்றைத் தீர்க்க, ஒருவர் உற்பத்தி சர்வரில் இருந்த புரொசீஜரை நேரடியாகத் திருத்திவிட்டுத் தூங்கப் போனார். பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட்டில் (Git) இருந்த பிரதி பழையதாகவே இருந்தது. மூன்று வாரம் கழித்து நடந்த வழக்கமான வெளியீடு அந்தப் பழைய பிரதியை மேலே எழுதியது. தீர்ந்த சிக்கல் மறுபடி வந்தது. அது எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு முழு நாள் பிடித்தது. சர்வரில் ஓடுவது கிட்டில் இருப்பதுதான் என்ற உறுதி இல்லாத இடத்தில் புரொசீஜர் எழுதவே கூடாது என்று அன்றிலிருந்து பிடிவாதமாக இருக்கிறேன். புரொசீஜரின் வரையறைக் கோப்பு மாறினால் அதைத் தானாகவே மறுபடி ஓட்டும் வசதி ஃப்ளைவே போன்ற மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பின் மாற்றங்களைக் கோப்புகளாக எழுதி வரிசையாக ஏற்றும்) கருவிகளில் இருக்கிறது. உற்பத்தி சர்வரில் கைவைக்கும் உரிமையை மனிதர்களிடமிருந்து எடுத்துவிடுவது மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

வெளியீடு நடக்கும் சில நிமிடங்களில் பழைய செயலியும் புதிய செயலியும் ஒரே தரவுத்தளத்தோடு பேசிக்கொண்டிருக்கும் என்பதை மறக்கக்கூடாது. புரொசீஜரில் ஓர் அளவுருவைச் சேர்த்து மாற்றினால், பழைய செயலியின் அழைப்பு அந்த நிமிடங்களில் முறியும். மைஎஸ்கியூஎல்லில் இருக்கும் புரொசீஜரின் உடலை அப்படியே மாற்றியெழுதும் கட்டளை கிடையாது. நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். அந்த இடைவெளியில் வந்த அழைப்புகள் அப்படியொரு புரொசீஜர் இல்லை என்ற பிழையோடு திரும்பும். மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியில் மாற்றியெழுத வழி உண்டு. போஸ்ட்கிரெஸிலும் உண்டு, ஆனால் அதில் வேறொரு வேடிக்கை நடக்கும். இயல்பு மதிப்போடு ஓர் அளவுருவைச் சேர்த்து 'மாற்றியெழுது' என்று சொன்னால், அது பழையதை மாற்றாமல் அதே பெயரில் இரண்டாவது ஃபங்ஷன் ஒன்றை உருவாக்கும். அடுத்து வரும் பழைய பாணி அழைப்பு இரண்டு ஃபங்ஷன்களுக்கும் பொருந்துமானால், எதை ஓட்டுவது என்று தெரியவில்லை என்று போஸ்ட்கிரெஸ் கைவிரித்துவிடும். எல்லாம் தன் கணினியில் சரியாக ஓடியது என்று சொல்லும் நிரலாளர் அங்கே காலியான தரவுத்தளத்தில் தொடங்கியிருப்பார். பழைய ஃபங்ஷன் அவரிடம் இருந்திருக்காது.

நாளைக்கு வேறு தரவுத்தளத்துக்கு மாறினால் என்ன செய்வது என்ற கேள்வியை நான் அவ்வளவு பெரிதாக நினைப்பதில்லை. தரவுத்தளத்தை மாற்றும் செயலிகள் குறைவு. ஆனால் மாற்றுபவர்களுக்கு வலி உண்மையானது. அட்டவணைகளைக் கருவிகள் நகர்த்திவிடும். புரொசீஜர்களைக் கையால்தான் எழுத வேண்டும். ஆரக்கிளில் வெற்றுச் சரம் என்பது நல் (null, மதிப்பே இல்லை என்ற நிலை) என்பதற்குச் சமம். போஸ்ட்கிரெஸில் அவை இரண்டும் வேறு வேறு. 'பெயர் காலியாக இருந்தால்' என்று இருபது வருடமாக எழுதப்பட்ட ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

ஓட ஆரம்பித்த பிறகு கண்காணிப்பிலும் ஓர் இருட்டு இருக்கிறது. செயலியில் வினவல்கள் இருந்தவரை எது மெதுவாக ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. புரொசீஜருக்குள் போனபின் ஒரே ஓர் அழைப்பும் அதன் மொத்த நேரமும் மட்டுமே தெரிகின்றன. போஸ்ட்கிரெஸின் வினவல் புள்ளிவிவர நீட்சி, இயல்பான அமைப்பில், வெளியிலிருந்து வந்த கட்டளையை மட்டுமே எண்ணுகிறது. உள்ளே ஓடுபவற்றையும் எண்ணச் சொல்லி அதை மாற்றிவைக்க வேண்டும். ஃபங்ஷன்கள் எத்தனை முறை அழைக்கப்பட்டன என்று எண்ணும் வசதியும் அங்கே இருக்கிறது. இயல்பாக அது அணைந்தே இருக்கும்.

அந்த வசதியை இயக்கி வைத்தால் வெளியீட்டுச் சிக்கலுக்கும் ஒரு வழி பிறக்கிறது. புரொசீஜரின் அளவுருக்களை மாற்ற வேண்டும் என்றால், இருப்பதைத் தொடாமல், பெயரின் இறுதியில் இரண்டு என்று சேர்த்துப் புதிதாக ஒன்றை எழுதி முதலில் ஏற்றிவிடுவேன். பிறகு புதிய செயலியை வெளியிட்டு, இரண்டின் எண்ணிக்கையையும் சில நாள் பார்த்துக்கொண்டிருப்பேன். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் தொகுதி வேலை ஏதாவது பழையதை அழைக்கக்கூடும் என்பதால் ஒரு மாதம் கடக்கும்வரை பொறுத்து, பழைய பெயரின் எண்ணிக்கை நகராமல் நின்ற பிறகுதான் அதை நீக்கும் மைக்ரேஷனை எழுதுவேன்.